ஏழாம் மலை, முதலாம் வீடு

பதுளை
10.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் கிருஷாந்தி எழுதுவது. நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும், சொன்னபடி கேட்காத அம்மாவின் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று ஷஹீலா கேட்டாள். என்னோடு வேலை செய்கிற பண்டாரவளைப் பிள்ளை. எங்கள் அப்பாவின் காதைத் தேயிலை ஸ்டோரில் ரோதை இயந்திரச் சத்தம் தின்றுவிட்டது, போனில் நான் கத்தினால் பதுளை டவுனுக்கே கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது என்றேன். அம்மாவின் போனுக்கோ கோவிலடிக்குப் போனால்தான் சிக்னல்.

வேலை இதுதான் அப்பா. ஊவா மலைகளில் தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை நாங்கள் தீவு என்கிறோம். ஒவ்வொரு தீவிலும் என்னென்ன பறவை, ஏறக்குறைய எத்தனை, காட்டின் எந்தப் பகுதியை நம்பிப் பிழைக்கின்றன என்று மதிப்பிட வேண்டும். விடியும்போது ஓரிடத்தில் அசையாமல் நின்று, கேட்கிற குரலையெல்லாம் எழுதி, எவ்வளவு தூரத்தில் என்றும் குறிப்போம். பக்கத்தில் கூவுவது தவறாது. எட்டக் கூவுவதில் பாதி காதுக்கு வராது. வராமல் போனது எவ்வளவு இருக்கும் என்று தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு அதையும் சேர்ப்போம். கேட்கவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதக்கூடாது. இதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற மேக்காடும் பட்டியலில் இருக்கிறது. பிறந்து வளர்ந்த சொந்தத் தோட்டம் என்பதால் அங்கே என்னை அனுப்பமாட்டார்களாம். அம்மா கை ரொட்டிக்கு எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

மகள்
கிருஷாந்தி


மடுல்சீமை
28.03.2024

அன்பு மகளுக்கு அப்பா வடிவேல் எழுதிக்கொண்டது. மாரியம்மா புண்ணியத்தில் நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது.

உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் மேசையில் ஒரு வாரத்துக்கு மேல் ஓய்வெடுத்துவிட்டு வந்தது. லயத்துக்கு இலக்கமா தெருவா, தபால்காரர் நேரே கொண்டுவந்து தர? பெயர், பிரிவு, தோட்டம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாட்டுக்கும் அதே விலாசம்தான்.

கேம்பஸ் படிப்பு முடித்த பிள்ளை குருவி எண்ணுகிறாள் என்றால் லயத்தில் சிரிக்கிறார்கள். அரசாங்க வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இனி பெரிய செய்தி. போன திங்கள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், தோட்டத்துத் துரையே வந்து சொன்னார். மேக்காட்டை வெட்டி, வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி. சொந்தக் காணி! உறுதிப் பத்திரத்தோடு. பேர் கொடுத்தவர்களில் முதல் ஆள் உன் அப்பன்தான். நாலு தலைமுறை இந்த மலையில் கிடந்தோம். செத்தால் புதைக்க மட்டும்தான் கேட்காமல் இடம் கொடுத்தார்கள். இப்போது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கிறார்கள் மகளே. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

சித்திரையில் திருவிழா. கட்டாயம் வா.

அப்பா
வடிவேல்


பூனாகலை
08.04.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே விடிகாலையில் பனி கொட்டுகிறது, அம்மா பின்னித் தந்த ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை. திருவிழாவுக்கு வர முடியாது. இந்த மாதம் முழுக்கப் பூனாகலைப் பக்கம் வேலை. எனக்கும் சேர்த்துத் தேங்காய் உடையுங்கள்.

காணி மேக்காட்டிலா தருகிறார்கள்? பீலியில் நாம் பிடிக்கிற ஊற்றுத் தண்ணீர் அங்கிருந்துதானே வருகிறது?

அவசரத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தைலம் பார்சலில் வரும்.

மகள்
கிருஷாந்தி


மடுல்சீமை
30.04.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். தைலம் வந்தது. உன் சுகத்துக்கு மாரியம்மாளிடம் அர்ச்சனை செய்தாயிற்று.

திருவிழா இந்த வருஷம் அமர்க்களம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடியுமுன்னே பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கிகளைக் காட்டோரத்து டர்பன்டைன் மரங்களில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்! மேளம், வெடி, எல்லாம். இரண்டு பறவைக் காவடி. ஆள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வந்தபோது உன் அம்மா அழுதுவிட்டாள்.

உன் ஆபீஸ் ஆட்களும் வந்திருந்தார்கள். கழுத்தில் பைனாகுலர், கையில் அட்டை. சனியும் ஞாயிறும் காலையில் மேக்காட்டில் நின்றார்கள். பிறகு கீழே வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள். அன்றைக்கு அவர்கள் எண்ணியது அந்த இரண்டு பறவைக் காவடியைத்தான் என்று நான் சொல்ல, லயமே சிரித்தது.

ஒன்று கேட்க வேண்டும். காணி கிடைக்கப்போகிறது என்று எழுதினேன். நீ பீலித் தண்ணீரை விசாரித்தாய். சந்தோஷம் என்று ஒரு சொல் எழுத மை தீர்ந்துவிட்டதா?

அப்பா
வடிவேல்


பதுளை
26.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பல நாள் யோசித்து இதை எழுதுகிறேன்.

மேக்காட்டு அறிக்கையைப் பார்த்தேன். காகம், மைனா, கொண்டைக்குருவி, இன்னும் சில்லறையாக இரண்டு மூன்று. அவ்வளவுதான். "பறவைகள் மிகக் குறைவு, காட்டை வெட்டுவதால் இழப்பில்லை" என்று கீழே முடிவு எழுதியிருக்கிறது. எண்ணிய நாளைப் பார்த்தால் உங்கள் திருவிழாச் சனியும் ஞாயிறும். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டிவிட்டு, குருவி கூவவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்! அந்தச் சத்தத்தில் எது கூவும், கூவினாலும் யாருக்குக் கேட்கும்?

நான் சிறுவயதில் விறகு பொறுக்கப் போனபோது அங்கே சிவந்த அலகும் நீல இறகுமாகக் கூட்டமாய்த் திரியும் பறவையைப் பார்த்திருக்கிறேன். சிங்களத்தில் கெஹிபெல்லா என்பார்கள். உலகத்தில் இந்த இலங்கைத் தீவை விட்டால் வேறெங்கும் அது கிடையாது.

மேலதிகாரியிடம் போய், "திரும்ப எண்ணணும் சார்" என்றேன். "பாட்டுப் போட்டதுக்கு என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்டார்.

சாட்சி நீங்கள்தான் அப்பா. அறிக்கை பிரதேச செயலகத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் முடியும்வரை யாரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். திருவிழா நாளையும் ஒலிபெருக்கியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அது உங்கள் காணிக்கு எதிரான கையெழுத்து என்று தெரிந்தேதான் கேட்கிறேன். மேக்காடு செங்குத்து. மரத்தை எடுத்தால் மண் நிற்காது. ஒரு பெருமழைக்கு லயத்தின் மேலேயே வந்து உட்காரும். அதனால்தான் எனக்கு சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை.

அம்மாவுக்கு அன்பு.

மகள்
கிருஷாந்தி


மடுல்சீமை
02.07.2024

கிருஷாந்திக்கு,

மே மாதம் நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. தரும்போது கிளாக்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டதைச் செய்யமாட்டேன்.

பாயைச் சுருட்டினால்தான் அடுத்த ஆள் கால் வைக்கலாம் என்கிற ஒற்றை அறைக் காம்பராவில் படுத்துப் படித்தவள் நீ. தகரம் ஒழுகும்போது புத்தகத்தை மடியில் மூடிக்கொண்டு உட்கார்ந்தவள். உன் அம்மா இன்றைக்கும் அந்த அடுப்படியில்தான் புகை குடிக்கிறாள். குருவிக்கு ஒரு காடு வேண்டும் என்கிறாய். எனக்கு ஒரு கதவு வேண்டும், நானே பூட்டி நானே திறக்க. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா? படிக்கவைத்த பிள்ளையே குறுக்கே படுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மண் சரியுமாம். இந்த லயம் மட்டும் என்ன கோட்டையா?

இவ்வளவுதான்.

வடிவேல்


பதுளை
21.07.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் என் நலத்தைக் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். நான் நலம். வேலையும் நலம்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உங்களுக்கு வீடு வேண்டாம் என்று நான் எந்த வரியில் எழுதினேன்? அந்தச் சரிவில் வேண்டாம் என்றுதான் எழுதினேன். உங்களுக்கு ஒரு கதவு வேண்டும். எனக்கு அது உங்களைவிட இரண்டு மடங்கு வேண்டும்.

நாங்கள் காட்டை மட்டும் பார்ப்பதில்லை. காட்டைச் சுற்றி இருக்கும் நிலத்துக்கும் பறவைகள் வருகின்றனவா என்று பார்ப்போம். போன இடமெல்லாம் ஒரே கதை. தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடக்கிற மலைகளுக்குக் காட்டுப் பறவை வருவதே அபூர்வம். அங்கே வீடு கட்டினால் எந்தக் குருவியும் வழக்குப் போடாது.

நம் ஏழாம் நம்பர் மலை அப்படித்தானே கிடக்கிறது? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அங்கே ஒரு கொழுந்து கிள்ளி நான் பார்க்கவில்லை. சரிவு குறைவு, ரோட்டோரம். காடு வெட்டி ஏறிக் குடியிருங்கள் என்கிற துரை, வெட்டவே வேண்டாத ஏழாம் மலையை ஏன் தரவில்லை? பெரட்டில் யாராவது கேட்டீர்களா?

கேளுங்கள் அப்பா. அவ்வளவுதான்.

மகள்
கிருஷாந்தி


மடுல்சீமை
18.08.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைத்தான் விசாரிக்கிறேன், இந்த முறை ஒழுங்காகப் பதில் சொல். கடிதத்தின் தலையில் பதுளை என்று எழுதியிருக்கிறாய். கவரில் முத்திரை பண்டாரவளை. எனக்குக் காதுதான் போய்விட்டது, கண் இருக்கிறது. வேலை நலம் என்று நீயாக எழுதினாயே, அப்போதே அம்மா சொன்னாள், "கேக்காமலே சொல்றான்னா வேல போயிருச்சுங்க." மேக்காட்டுக்காகத்தானே? இதைப் பதுளையில் நீ தங்கிய பழைய போர்டிங் விலாசத்துக்கே போடுகிறேன். வீட்டுக்காரம்மா அனுப்பிவைப்பார்.

நடந்ததைக் கேள். உன் மேல் இருந்த கோபத்தில், எனக்கு வரப்போகும் ஏழு பேர்ச்சை அளந்து பார்த்துவிட்டு உனக்குச் சவால் விட்டு எழுதலாம் என்று கயிற்றையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேக்காட்டுக்குப் போனேன். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்து மேலே நிற்கிறேன். மறு முனையோடு அம்மா எங்கே என்று பார்த்தால் கீழே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வீட்டு அகலத்துக்கே அவ்வளவு சரிவு. "வாசல்ல உக்காந்தா நேரா பீலிக்குக் குளிக்கப் போயிரலாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

மறு வாரம் துரை கூட்டம் வைத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் காதுக்கு அம்மா பக்கத்தில். துரை சொல்வதை அவள் எனக்காக உரக்கத் திருப்பிச் சொல்லுவாள், வழக்கம்தானே. நான் எழுந்து கேட்டேன்.

"ஐயா, ஏழாம் மல சும்மா கெடக்கு. அத ஏன் எங்களுக்குத் தரல?"

துரை ஏதோ சொன்னார்.

"அது வேற தேவைக்கு இருக்காம்!" என்று அம்மா கத்தினாள்.

"என்ன தேவைங்க?"

துரை பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். அது எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் துரையின் வாயசைந்தால் எனக்குச் சொல்லிப் பழகியவள் உன் அம்மா. எழுந்து நின்று என் காதில் போட்டாள். "ரோட்டோரத்து நல்ல நெலத்த டூரிஸ்ட் பங்களாக்காரனுக்குக் குடுக்கப் பேசியாச்சாம்! இவனுகளுக்குக் காடே போதுமாம்!"

என் காதுக்கென்று சொன்னது கடைசி வரிசைவரை கேட்டுவிட்டது. கூட்டம் அப்படியே எழுந்தது. துரை கையைக் காட்டி, "உட்காருங்க, உட்காருங்க" என்றார். அதையும் அம்மா திருப்பிச் சொன்னாள். ஒருவரும் உட்காரவில்லை.

"இருநூறு வருசமா எங்க சத்தம் ஒங்களுக்குக் கேக்கல. அதனால நாங்க இல்லன்னு எழுதிப்புட்டீங்க" என்றேன். "காட்டுக் குருவிக்கும் அதையே செஞ்சிருக்கீங்க. எங்களுக்கு வீட்டு நெலமும் வேணும், தண்ணி குடுக்குற காடும் வேணும். ஒண்ணக் குடுத்து ஒண்ணப் புடுங்குற யாவாரம் வேணாம்."

காணிப் பட்டியலை வாங்கி முதலில் இருந்த என் பெயரை நானே வெட்டினேன். எனக்குப் பின்னால் பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி வந்து வெட்டினாள். பிறகு பெயரை வெட்ட ஒரு வரிசையே நின்றது.

நீ கேட்ட சாட்சியை எழுதிவிட்டேன். "ஒலிபெருக்கிச் சத்தம் காது கேளாத எனக்கே கேட்டது" என்று எழுதியிருக்கிறேன். ஏழாம் மலையைக் கேட்டு லயமே கையெழுத்துப் போட்ட மனுவும் கூட. இரண்டையும் நானும் அம்மாவும் பஸ் ஏறிப்போய்ப் பிரதேச செயலகத்தில் கையில் கொடுத்தோம். உன் கடிதத்தை ஒரு மாதம் பிடித்துவைத்த தோட்டத்து ஆபீஸ் வழியாக அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா?

ஜூலையில் உனக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் அப்பா
வடிவேல்


பண்டாரவளை
22.09.2024

அன்புள்ள அப்பாவுக்கும், பண்டாரவளைவரை குரல் கேட்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். இது உண்மையான நலம். உங்கள் கடிதத்தை ஷஹீலா வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா கத்திய இடத்தில் ஷஹீலாவின் வாப்பா எழுந்து கைதட்டினார்.

ஆமாம் அப்பா, ஜூனிலேயே வேலை போய்விட்டது. அந்த அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். அறிக்கையில் அதை அப்படியே விட்டுவிட்டு, ஆபீசில் என் பெயரை எடுத்துவிட்டார்கள்! அறிக்கையில் இருக்கிற என் பெயர் செல்லாது என்று மறுபடியும் எழுதிக்கொடுத்தேன். மறைத்தது உங்களுக்குப் பயந்து இல்லை. உங்கள் மனம் இரங்கி, எனக்காக என்று நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. மேக்காட்டைப் பார்த்துப் போடவேண்டும். போட்டீர்கள். இப்போது ஷஹீலா வீட்டில் தங்கி, பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். வயிறு நிறையச் சாப்பாடு, கவலைப்படாதீர்கள்.

நல்ல செய்தி. உங்கள் சாட்சியைப் பார்த்துப் பிரதேச செயலகத்தில் திரும்ப எண்ணச் சொல்லிவிட்டார்கள். எண்ணப்போவது கேம்பஸ் ஆட்கள். உதவிக்கு என்னையும் ஷஹீலாவையும் கேட்டிருக்கிறார்கள். சொந்தத் தோட்டம் என்பதை மறைக்காமல் சொன்னேன். நான் எழுதுவதை இன்னொருவர் தனியாக எழுதிச் சரிபார்ப்பார், அது போதும் என்றார்கள்.

மழைக்கு முன் வருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் காலைகளில் லயத்தில் யாரும் ரேடியோ போடவேண்டாம்.

ரொட்டிக்கு இரண்டு வயிறு கூடுதலாக வருகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மகள்
கிருஷாந்தி


16.02.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலும் வழிக்கு வந்துவிட்டது, நீ வந்துபோனதிலிருந்து அது மேக்காட்டுக்கே ஏறுகிறது. ஷஹீலாவுக்கும் வீட்டாருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

மேக்காட்டை வெட்டக்கூடாது என்று முடிவாகிவிட்டது. கடுதாசி வந்தது. நீங்கள் எண்ணிய அந்தக் காலைகளைப் பற்றி அம்மா இன்னும் பேசுகிறாள். அழுகிற பிள்ளையைக்கூட முந்தானையில் பொத்திக்கொண்டு லயமே மூச்சடக்கிக் கிடந்ததாம். எனக்கு என்ன வித்தியாசம், என் காலையெல்லாம் அப்படித்தான். ஆனால் நீ என் தோளைத் தொட்டுத் திருப்பினாயே, அதை நான் மறக்கமாட்டேன். கிளையில் நீலமாக ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. சிவந்த அலகைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அது இருந்தது. நான் பார்த்தேன்.

ஏழாம் மலைக்குத்தான் பதில் இல்லை. மூன்று முறை போய்க் கேட்டோம். ஆராய்கிறோம் என்கிறார்கள். பங்களாக்காரன் வந்து பார்த்துவிட்டு, லயத்து ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டு காரைவிட்டு இறங்காமலே போனான். ஆராயட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க நான் என்ன துரை வீட்டு நாற்காலியா?

போன ஞாயிறு எல்லாருமாகப் போய் ஏழாம் மலையில் மானாப்புல்லை வெட்டினோம். ரோட்டோரமாக ஒரு கட்டையை நட்டு, பழைய எண்ணெய்த் தகரத்தில் நான் செய்த தபால் பெட்டியை அதில் அறைந்தேன். பெயின்டில் என் பெயரை நானே எழுதினேன். மறுநாள் ஜெயலெட்சுமி ஒன்று நட்டாள். இன்றைக்குப் பார்த்தால் ரோட்டோரம் முழுக்கப் பெட்டிகள். கணக்கப்பிள்ளை வந்து பிடுங்கச் சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. அம்மாவும் அன்றைக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

இனி தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் போடாதே. இந்த விலாசத்துக்குப் போடு.

க. வடிவேல்,
முதலாம் வீடு,
ஏழாம் மலை,
மடுல்சீமை.

தபால்காரர் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைப் பார்த்தார், பின்னால் வெட்டிப்போட்ட புல்லைப் பார்த்தார். என் காதருகே வந்து, "வடிவேலண்ணே, வீடு எங்க?" என்று கத்தினார்.

"வெலாசம் வந்துருச்சுல்ல தம்பி," என்றேன். "வீடு பின்னால வரும்."

அப்பா